கப்பலின் கடல் பக்கம்

துலுக்கானத்தை அத்திப்பட்டில் யாரும் துலுக்கானம் என்று கூப்பிட்டதில்லை. கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை கூப்பிட்டால் போதாது. முதல் தடவைக்கு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல நடந்துகொண்டே இருப்பார். இரண்டாவது தடவை "கப்பல்காரரே!" என்று தொண்டை கிழியக் கத்தினால்தான் நின்று, மெதுவாகத் திரும்பி, "இன்னா?" என்பார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வருஷக்கணக்காக மோல்டிங் மிஷின் பக்கத்தில் நின்ற காது, பாவம், மந்தமாகிவிட்டது என்று தெரு முடிவுகட்டியிருந்தது. காதுக்கு ஒரு கேடும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

விஷயம் என்னவென்றால், துலுக்கானம் கப்பலில் கால் வைத்ததே இல்லை.

அதற்காக அவர் பொய் சொல்லி ஊரை ஏமாற்றினார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆளுக்குப் பொய் வராது. கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை தூக்கினார். கப்பலின் கிரேன், வலையில் கட்டிய மூட்டைகளைக் கரையில் இறக்கும். கரையில் நிற்கிற ஆட்கள் அவற்றை முதுகில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். கப்பலுக்குள் இறங்கி வேலை செய்கிற ஆட்கள் வேறு, கரை ஆட்கள் வேறு. கரை ஆள் கப்பல் படியில் கால் வைத்தால் மேஸ்திரி அவன் குலத்தையே இழுத்து வைத்துத் திட்டுவார். துலுக்கானம் குலத்துக்கு மரியாதை கொடுத்துக் கரையிலேயே நின்றார்.

அப்புறம் நசரத்பேட்டையில் பெண் பார்க்கப் போனார்கள். பையனுக்கு என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்டார். துலுக்கானத்தின் தாய்மாமன் சின்னப்பையன் (அறுபது வயதிலும் அவருக்கு அதுதான் பெயர்) வெற்றிலையை ஓர் ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "கப்பல்ல வேலை" என்றார். அந்த நேரம் பார்த்துத் துலுக்கானத்தின் வாயில் ஒரு முழு பஜ்ஜி இருந்தது. அதை விழுங்கிவிட்டு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால், அதற்குள் தட்டு மாற்றியாகிவிட்டது.

மணப்பெண் பத்மா அந்த இரண்டு வார்த்தையைச் சீதனம்போல அத்திப்பட்டுக்குக் கொண்டுவந்தாள். குழாயடியில் நாலு பேர் காதில் போட்டாள். ஒரே மாதத்தில் அவர் கப்பல்காரர், அவள் கப்பல்காரர் ஊட்டம்மா. தண்ணீர் பிடிக்க அவள் குடத்தோடு வந்தால், மற்ற பெண்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விடுவார்கள். எஸ்டேட்டில் வேலை கிடைத்துத் துலுக்கானம் ஹார்பரை விட்டபோதுகூட அவள் சளைக்கவில்லை. "எனுக்கோசரம் கப்பலையே உட்டுட்டு வந்துட்டாருக்கா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அதைக் கேட்ட பெண்கள் தத்தம் புருஷன்மாரைப் போய் ஒரு பார்வை பார்த்தார்கள்.

கல்யாணமான வருஷம் பொங்கலுக்குச் சொந்தக்காரர்களோடு பழவேற்காட்டுக்குப் போய்ப் படகில் ஏறினார்கள். கரையை விட்டுக் கல்லெறி தூரம்கூடப் போகவில்லை. துலுக்கானம் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இது கவுந்துடாதே? கவுந்துடாதே?" என்று படகுக்காரனைக் கேட்டார். அப்புறம் காலையில் தின்ற இட்லியை ஏரிக்குக் கொடுத்தார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பத்மாதான் சொன்னாள்: "மலை மாதிரி கப்பல்ல போனவருக்கு இந்தச் சின்னப் படகு ஒத்துக்குமா?" அதுவும் சரிதானே என்று எல்லாரும் கரும்பு தின்னப் போய்விட்டார்கள்.

இப்படியே பதினேழு வருஷம் போனது. ஒவ்வொரு நாளும் துலுக்கானத்துக்கு அந்தப் பெயர் உறுத்தியது. பத்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று அடுத்து நினைப்பார். அத்தோடு சாப்பிடப் போய்விடுவார்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு மாட்டிக்கொண்டார்.

அவர் வேலை பார்த்த கம்பெனியில் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள் செய்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினால் கவ்விக்கொள்கிற கட்டைகள். மேலே குமிழ், கீழே குழி. முதலாளி பாஸ்கரன் நல்ல மனுஷன்தான். ஆனால் திடீர் திடீரென்று யோசனை வந்துவிடும். ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியிலும் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, தொழிலாளர் குடும்பங்களை அழைத்துப் பொரி கொடுப்பார்கள். நம் கம்பெனியில் அதற்குமேல் ஏதாவது இருக்கவேண்டும் என்று பாஸ்கரனுக்குத் தோன்றிவிட்டது.

"துலுக்கானம், நம்ம கட்டைய வெச்சே ஒரு கப்பல் கட்டு. ஆள் நீளத்துக்கு மேல இருக்கணும். உன்ன விட்டா வேற யாரு கட்டுவா? நீதான கப்பல்காரன்" என்றார்.

துலுக்கானம் தலையைச் சொறிந்தார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் முடியாது என்று அடுத்து கேட்பாரே! அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது அத்திப்பட்டுக் குழாயடிக்குப் போய்விடும். "சரிங்க மொதலாளி" என்றார்.

"இன்னொண்ணு. என் மச்சான் மனோகரன் சரக்குக் கப்பல்ல இன்ஜினீயரா இருக்கான்ல, லீவுல வந்திருக்கான். அவன்தான் அன்னிக்கு விளக்கேத்துறான். கப்பல்காரன் கட்டின கப்பலைக் கப்பல்காரன் பாக்கட்டும். எப்படி?"

எப்படியாம்! ஒரு நிஜக் கப்பல்காரன் வந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் போதும். பூஜைக்குப் பத்மாவும் வருவாள். அத்தனை குடும்பத்துக்கும் நடுவில் அவள் தலை குனியப்போகிறது என்று துலுக்கானத்துக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆனாலும் வேலை வேலைதான். வீட்டுக்கு வந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கப்பல் வரையப் பார்த்தார். கிரேன் வந்தது, கயிறு வந்தது, படி வந்தது. மூக்கு மட்டும் வரவில்லை. கட்டையோ சதுரம், கப்பலின் மூக்கோ கூர். பார்ப்பதற்கு முன்பக்கம் இடித்த பஸ் போல இருந்தது. பத்மா அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா இது, லாரியா?"

"கப்பலு."

"தள்ளு அப்பால." அவள் கோலமாவு டப்பாவை எடுத்துவந்து சிமெண்டுத் தரையில் குந்தினாள். "கட்டை மேல குமிழு கீதுல்ல, அதான் புள்ளி. நேர்ப்புள்ளி வெச்சிகினு வா. ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணாக் கொறை. ரதசப்தமிக்குத் தேர்க் கோலம் போடறேன்ல? அந்தத் தேரோட கோபுரத்த படுக்கப் போட்டா உன் கப்பல் மூக்கு வந்துடுது. இதுக்குப் போயி காலண்டர கிறுக்கிகினு கீற."

துலுக்கானம் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். பதினொன்று, ஒன்பது, ஏழு என்று குறைந்து குறைந்து ஒரு புள்ளியில் போய் நின்றது. சாட்சாத் கப்பல்தான். அவர் பெண்டாட்டியைப் பெருமையோடு பார்த்தார். உடனே துக்கமாகவும் இருந்தது. இவ்வளவு சூட்டிகையானவளை ஒரு பஜ்ஜி நேரத்தில் ஏமாற்றிவிட்டோமே என்று நினைத்தார்.

"இது ஒரு பக்கம். அந்தப் பக்கம் இன்னா வரும்?" என்றாள் பத்மா.

துலுக்கானம் கோலமாவைப் பார்த்துக்கொண்டே, "பாத்துக்கலாம்" என்றார்.

கட்டைக்குப் பஞ்சமில்லை. குமிழ் நிரம்பாதது, ஓரத்தில் பிசிறு நிற்பது, சாயம் திட்டுத்திட்டாக விழுந்தது என்று கழிக்கிற கட்டைகள் மூட்டை மூட்டையாக அரவை மிஷினுக்குப் போகும். அரைத்துத் தூளாக்கி மறுபடி உருக்குவார்கள். அரவை மிஷினைப் பார்த்துக்கொண்டவன் கஜபதி. அவனுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை.

"அண்ணாத்தே, நான் அரைக்க வேண்டியத எல்லாம் நீ அள்ளிகினு போய் அடுக்கினு கீற. மிஷின் சும்மா குந்திகினு கீதுபா."

"பூஜை முடிஞ்சதும் கப்பலையே அரைச்சுக்கோ."

"மெய்யாலுமா?"

"போடா டேய்."

ஷிப்டு முடிந்தபிறகு கிடங்கின் ஓரத்தில் உட்கார்ந்து கட்டுவார். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல இணைப்புக்குமேல் இணைப்பு வராமல் மாற்றி மாற்றி வைத்தார். அடியில் சிவப்பு, மேலே வெள்ளை. பாதி உயரம் வந்தபோது ஒரு நாள் பார்த்தால், கப்பலின் முன்னும் பின்னும் தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. நடு மட்டும் தரையில் கிடந்தது. துலுக்கானம் குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். வெள்ளைச் சாயம் போட்ட கட்டை, சிவப்பைவிட மயிரிழை கூடுதலாகச் சுருங்குகிறது. ஒரு கட்டையில் தெரியாது. ஆள் நீளத்துக்கு அடுக்கினால் மேல்பக்கம் குட்டையாகி, இரண்டு முனையையும் தூக்கிவிடுகிறது.

எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்கரன் வந்துவிட்டார். கப்பலைப் பார்த்து அசந்து நின்றார்.

"அடேயப்பா! மூக்கை எப்படித் தூக்கி நிறுத்தியிருக்க! கப்பல்ல இருந்தவனுக்குத்தான்யா இதெல்லாம் தெரியும்."

துலுக்கானம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி நேரங்களில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

கரையைப் பார்த்த பக்கத்தை இழைத்து இழைத்துச் செய்தார். வட்டக் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் ஒற்றைக் குமிழ்க் கட்டைகள். இறக்கிவிட்ட படி. கிரேன், அதன் கொக்கியில் நூல் வலை, வலைக்குள் மூட்டைகள். முன்னாலும் பின்னாலும் நைலான் கயிறு கட்டி, கரையில் கயிறு மாட்டுகிற குட்டைத் தூணாகக் கட்டுக்குத்தி வைத்து, கண்ணி போட்டு இழுத்துக் கட்டினார். மறுபக்கத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. கப்பலுக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதைப் பார்க்கிற வேலை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. இந்தப் பக்கத்தில் இருப்பதையே அங்கேயும் வைத்துவிட்டால் ஆயிற்று என்றான் கஜபதி. பார்க்காததை இருக்கிறது என்று எப்படி வைப்பது? இவ்வளவு காலம் வாயால் சொல்லாத பொய்யைக் கையால் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் வெறும் சுவராக அடைத்தார். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நன்றாகத்தான் யோசித்தார். பூஜை அன்று காலையில் போனால், கப்பல் ஷெட்டுக்கு நட்டநடுவில் மேஜைமேல் நிற்கிறது. "சுத்திவந்து பாக்கட்டும்னு நான்தான் நகத்தச் சொன்னேன்" என்றார் பாஸ்கரன். கப்பலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மூக்கில் ஒரு எலுமிச்சம்பழம்கூடக் குத்தியிருந்தார்கள்.

பத்மா பட்டுப்புடவையில் வந்தாள். குழாயடிப் பெண்கள் இரண்டு பேரையும் கூடவே கூட்டி வந்திருந்தாள். கப்பலைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. துலுக்கானத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மனோகரன் விளக்கேற்றினார். ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். கரைப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கட்டுக்குத்தியில் போட்டிருந்த கண்ணியை நெடுநேரம் பார்த்தார். பிறகு மறுபக்கம் போய் நின்றார்.

"இந்தப் பக்கம் ஏன் மொட்டையா விட்டுட்டீங்க?" என்றார்.

அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அப்போது பத்மாவின் குரல் கேட்டது.

"அது கடல் பக்கங்க. அங்க மீனுதான் பாக்கும். மீனுக்கு எதுக்கு ஜன்னலு?"

ஷெட் முழுக்கச் சிரித்தது. பத்மா சிரிக்காமல், நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அந்த நிமிர்வைத்தான் துலுக்கானத்தால் தாங்க முடியவில்லை. அவரை அறியாமல் வாய் திறந்துகொண்டது.

"நான் கப்பல்ல ஏறினதே இல்லீங்க. ஹார்பர்ல மூட்டை தூக்கிகினு இருந்தேன். அவ்ளோதான்."

பாஸ்கரன்தான் முதலில் சிரித்தார். "பாத்தியா மனோகரா, இதான் நம்ம ஆளு! எவ்ளோ அடக்கம் பாரு!" உடனே எல்லாரும் கை தட்டினார்கள். கஜபதி விசிலே அடித்தான். குழாயடிப் பெண்களில் ஒருத்தி, "தங்கமான மனுசன்" என்றாள். பொரி வந்தது, கடலை வந்தது, சுண்டல் வந்தது. பதினேழு வருஷமாகச் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டு, துலுக்கானம் கையில் பொரிப் பொட்டலத்தோடு நின்றார். எவனும் நம்பவில்லை.

நம்பியவர் மனோகரன் ஒருவர்தான். கூட்டம் கலைகிறபோது பக்கத்தில் வந்தார்.

"கயித்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது. நாங்க மேலேர்ந்து தூக்கிப் போடறதோட சரி. கரையில எப்படிக் கட்றாங்கன்னு கரையில நின்னவருக்குத்தான் இவ்ளோ சரியாத் தெரியும். தீபாவளி கழிச்சு நான் ஏறவேண்டிய கப்பல் மெட்ராஸுக்குத்தான் வருது. பாஸ் வாங்கித் தரேன். ரெண்டு பேரும் வாங்க."

வீட்டுக்கு நடந்து போகும்போது பத்மா இரண்டடி முன்னாலேயே போனாள். எஸ்டேட் ரோட்டில் வழியெல்லாம் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். அதில் கால் படாமல் தாண்டித் தாண்டி நடந்தாள். அத்திப்பட்டுத் திருப்பத்தில் சட்டென்று நின்றாள்.

"இன்னாத்துக்குயா அத்தினி பேர் எதிர்க்க அத்தச் சொன்ன?"

"உனுக்குத் தெரிய வேணாமா?"

"எனுக்கா? எனுக்குப் பழவேற்காட்டுலயே தெரியும்."

"பின்ன ஏன்மே கேக்கல?"

"கேட்டா நீ இல்லன்னுவ. உனுக்குத்தான் பொய் வராதே. அப்பால நான் யாரு? மூட்ட தூக்கினவன் பொண்டாட்டி. கப்பல்காரர் ஊட்டம்மான்னு சொல்லச் சொல்ல எனுக்கு எவ்ளோ நல்லாருக்கும் தெரியுமா? இந்த ஊருக்கு வந்தப்ப எனுக்குன்னு அது ஒண்ணுதான்யா இருந்துது. அத்தப் போயி இன்னிக்குப் போட்டு ஒடைக்கப் பாத்தியே!" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நல்லவேள, ஒருத்தரும் நம்பல."

அவளுக்காகத்தான் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார். இந்தப் பக்கம் அவளும் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. பொரியைத் தின்று சமாளித்தார்.

கார்த்திகை மாதம் ஹார்பருக்குப் போனார்கள். கப்பல் மலைபோல நின்றது. மேலேயிருந்து மனோகரன் கையசைத்தார். படியின் அடியில் வந்ததும் துலுக்கானத்தின் கால் நின்றுவிட்டது. மேஸ்திரி செத்துப் பத்து வருஷம் இருக்கும். இருந்தாலும் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வாயா" என்றாள் பத்மா.

"நீ போ. நான் இங்கியே நிக்கிறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூடக் கீழே பார்க்காமல் ஏறிப்போய்விட்டாள். மேலே போனவள் காணாமல்போனாள். துலுக்கானம் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். நேரம் ஆக ஆக அவருக்குப் பயமாக இருந்தது. கடைசியில் மேலே, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால், அவள் தலை தெரிந்தது.

"யோவ்! அந்தப் பக்கம் போய்ப் பாத்தேன்!"

"இன்னா கீது?"

"இதே மாதிரிதான்யா கீது! இங்க கரை, அங்க தண்ணி. அவ்ளோதான்! ஏறி வா!"

துலுக்கானம் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். கண்ணை மூடவில்லை. வாந்தியும் வரவில்லை. மேலே போனதும் பத்மா அவர் கையைப் பிடித்துக் கடல் பக்கம் கூட்டிப்போனாள். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனோகரன் டீ குடிக்கக் கூப்பிடுகிறவரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் துலுக்கானம் முதலாளியின் அறை வாசலில் வைத்திருந்த கட்டைக் கப்பலை முன்னால் இழுத்து, அதன் மொட்டைச் சுவரில் ஜன்னல் வைக்க ஆரம்பித்தார். கஜபதி கழிவுக் கட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து வந்தான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கப்பல்காரரே!" என்றான்.

"இன்னாடா?" என்று திரும்பினார் துலுக்கானம்.

இரண்டாவது தடவை கத்துவதற்காகக் கஜபதி மூச்சை இழுத்து, வாயையும் திறந்து வைத்திருந்தான். அதை அப்படியே மூடிக்கொண்டான்.